தேருக்கு எழுதாத விதி

பிரேக் கருகிய நாற்றத்தோடுதான் இன்று நீ மறுபடியும் என் கடைக்குள் நுழைந்தாய். றம்பொடைப் பக்கமிருந்து இறங்கிவந்த ஒரு கார் புசல்லாவையில் என் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றது. முன்சக்கரங்களில் மெல்லிய புகை. ஓட்டிவந்தவர் பதறிப்போய் இறங்கி, ஊற்றத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். ஊற்ற வேண்டாம், சும்மா விடுங்கள், தானாக ஆறும் என்று சொல்லி உள்ளே கதிரை போட்டு உட்காரவைத்தேன். அவர் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வெளியிலேயே நிற்கவைத்திருப்பேன்.

பெயர் ரிஸ்வான், ஊர் அக்குறணை. சைக்கிளோட்டச் சங்கத்தின் கண்டிக் கிளையில் பாதை வகுக்கும் பொறுப்பில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தீவைச் சுற்றி ஓடுவோமே, அந்தப் போட்டியை மறுபடியும் நடத்தப்போகிறார்களாம். பாதை நீ வகுத்த அதே பாதை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற நாளை உன் நினைவாக ஓடுவார்களாம். மேட்டு உச்சியில் உன் பெயர்ப்பலகை. அந்தப் பாதையில் ஓடியவர்களில் இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் பாதையைப் பற்றி என் மதிப்பீடு வேண்டுமாம்.

"ஐயா ஒரு சொல்லு சென்னா போதும்," என்றார். "அவர் எங்களுக்கெல்லாம் பெரிய ஆளு. ஐயாட கூட்டாளின்னும் கேள்விப்பட்டீக்கிறேன்."

கூட்டாளியாம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். செத்தவனைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். அந்தச் சட்டத்தை எவனோ சாகப்போகிறவன்தான் போட்டிருப்பான். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. உன் சாவு வீட்டுக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் மாலையைப் போட்டுவிட்டு உன் காதில் நாலு கேள்வி கேட்டிருப்பேன், பக்கத்தில் நின்றவர்கள் பயந்துபோயிருப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரிஸ்வான் கைப்பேசியில் பாதையைக் காட்டினார். மேடெல்லாம் சிவப்பு, சமதரையெல்லாம் பச்சை. நேற்று நுவரெலியாவில் தங்கிவிட்டு, இன்று காரில் இறங்கியபடியே பாதையைப் பார்த்து வந்தாராம். ஏறவேண்டிய மேட்டை இறங்கிப் பார்த்து மதிப்பிடுகிற காலம் இது. நீ ஏறுகிறவன் பக்கத்திலேயே வந்துதான் மேட்டை அளந்தாய், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை நான் குறை சொல்ல முடியாது. உன்னைத் திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை அறைகளில் பிறந்தவர்கள். நீ படித்தாய், கண்டியில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் ஆனாய். நான் சைக்கிள் மிதித்தேன். நீயும் கொஞ்ச நாள் மிதித்தாய். மேடு வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு ரோட்டைக் குறை சொல்வாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் குறை சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு ரோட்டின் குணத்தையும் தெரிந்துகொண்டாய். சங்கத்தில் பாதை வகுக்க ஆள் தேடியபோது உன்னைப் பிடித்துப் போட்டார்கள்.

கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இரவல் மோட்டார் சைக்கிளில் என் பக்கத்திலேயே வருவாய். நான் மிதிப்பேன், நீ கேள்வி கேட்பாய். "மேல் லயத்துல யார் யார் வீட்டுல கோழி இருக்குடா?" நான் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். "மாரியக்கா வீட்டுல... பெரிய கங்காணி வீட்டுல..." மூச்சு முட்டி எந்த இடத்தில் என் பதில் நிற்கிறதோ அங்கே இறங்கி, மதகிலோ மைல் கட்டையிலோ சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பாய். கோடு விழுந்தால் அது கடும் மேடு. கோழி முடிந்தால் மாடு, மாடு முடிந்தால் யார் யாருக்கு எங்கே கல்யாணம். ஒரு நாள் ஒரு கங்காணி தடியோடு ஓடிவந்து, "யாருய்யா நீங்க, தோட்டத்த அளக்குறீங்களா?" என்று கத்தினார். நீ அசரவேயில்லை. "இல்லீங்க, இவன் நெஞ்ச அளக்குறோம்," என்றாய்.

ஆக ரிஸ்வானின் கைப்பேசியில் சிவப்பாகத் தெரிகிற இடமெல்லாம் என் பேச்சு நின்ற இடம். பலகையில் மட்டும் உன் பெயர்.

பரவாயில்லை, மதிப்பீட்டை நேர்மையாகவே செய்கிறேன். உனக்கு முன் பாதை போட்டவர்கள் மலையை ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள். முதல் வாரத்திலேயே ஏறி இறங்கித் தொலைத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் கரையோரம். மேட்டுக்காரன் உயிரைக் கொடுத்துத் தேடிய நேரத்தைக் கரையோரக் காற்றில் பெரிய அணிக்காரர்கள் சேர்ந்து மிதித்துத் தின்றுவிடுவார்கள். நீ அதைத் திருப்பிப் போட்டாய். கரையோரம் முதலில், மலை கடைசி வாரத்தில். அதுவும் ஏறிய பிறகு இறக்கம் வைக்காமல் அன்றைய ஓட்டத்தை நுவரெலியாவிலேயே முடித்தாய். மேட்டில் முடிகிற நாளில் மேட்டுக்காரனின் சம்பாத்தியம் அவன் கையிலேயே இருக்கும். அதற்காகக் கூட்டத்தில் நீ குரல் உயர்த்திச் சண்டை போட்டாய் என்று கேள்விப்பட்டேன். கம்பளையில் சாப்பாட்டுப் பை கொடுக்க வைத்தது பிழை. வயிறு நிறைந்தவனை மேடு ஏறச் சொல்வதற்கு உன்னைப் போல மிதிக்காத ஆள்தான் வேண்டும். மற்றப்படி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தப் பாதை எனக்குப் பொருந்தியது.

ரிஸ்வான் புதிதாகச் சேர்த்திருந்தது ஒன்றே ஒன்று. ஒரு ஹோட்டல் வாசலில், வளைவு திரும்பிய உடனே, வேக ஓட்டத்துக்கு ஒரு கோடு.

"விளம்பரக்காரங்க கேட்டாங்க ஐயா."

"நல்லதுதான். நாலு பேர் பள்ளத்துக்குள்ள போவாங்க. அதையும் போட்டோ புடிச்சுப் போடச் சொல்லுங்க," என்றேன். முகம் வாடிவிட்டது. எடுத்துவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர், அவரோடு எனக்கு என்ன கோபம். என் கோபம் முழுவதையும் உனக்கென்று சேர்த்து வைத்திருந்தேன்.

நான் ஓடிய அந்த வருடத்துக்கு வருகிறேன். முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் சைக்கிள் அணியில் இடமும் நிரந்தர வேலையும் என்று உறுதி சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் லயத்து அறையை விட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விடலாம். மழை பெய்தால் அந்த அறையில் எங்கே எல்லாம் சட்டி வைப்போம் என்று உனக்குத் தெரியும். அம்மா தகரப் பெட்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டாள். அந்த ஓட்டம் எனக்கு என்ன என்பது சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்.

மலை ஏறுகிற நாளைக் குறித்தபோது, அது புசல்லாவையில் நம் கோயில் தேர் ரோட்டுக்கு வருகிற நாள் என்பதும் சங்கத்தின் கூட்ட மேசையில் உனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே நீ ஒருவன்தான் தமிழன். வாயைத் திறக்கவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று நான் கேட்டபோது சிரித்தாய். "நம்ம தேரு என்னைக்குடா சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்கு? பகல்னு சொன்னா பொழுது சாயும். அதுக்குள்ள நீங்கள்லாம் நுவரெலியாவுல குளிச்சிட்டு இருப்பீங்க." தேர் பிந்தும் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய போட்டிக்குப் பாதை போட்ட ஆள் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நம் தோட்டத்தில் யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புதுக் குருக்கள் வந்திருந்தார். நேரம் என்றால் நேரம். தலைவர் இன்னும் வேட்டி மாற்றவில்லை, மேளக்காரர் வரவில்லை என்று கெஞ்சிப் பார்த்தார்களாம். "நேரம் வந்திட்டுது, இழுங்கோ," என்று சொல்லிவிட்டாராம். தேர் சொன்ன நேரத்துக்கு நகர்ந்தது. கண்டியில் வாவிக் கரையில் நாங்கள் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வந்த பிறகு விளக்கேற்றினார், பேசினார், இன்னும் பேசினார். சாமி நேரத்துக்கு வந்தது, ஆசாமி பிந்தினார். உன் கணக்கில் இரண்டுமே தலைகீழ்.

கம்பளை தாண்டியதும் கூட்டத்தை விட்டு விலகினேன். சாப்பாட்டுப் பையை நான் வாங்கவேயில்லை. நீ கோடு போட்ட ஒவ்வொரு மதகையும் எனக்குத் தெரியும், எங்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், எங்கே விடலாம் என்று. புசல்லாவைக் கடைகள் தெரிகிறபோது பின்னால் யாருமே இல்லை. ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் பிடிக்க முடியாத தூரம் என்று மோட்டார் சைக்கிளில் வந்த நேரக்காரர் கை காட்டினார். அடுத்த வளைவைத் திரும்பினேன். தேர்.

ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளத்தில் தேயிலை. நடுவில் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு தேர். ரோடெல்லாம் சிதறு தேங்காய். தப்பு மேளச் சத்தத்தில் காது அடைத்தது. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். முதலில் பார்த்தது அம்மாதான். பிள்ளை சாமி கும்பிடத்தான் நின்றிருக்கிறான் என்று நினைத்து, ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிவிட்டாள். அது வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. "ஜெயிச்சிருவ சாமி," என்றாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடையில் நுழையப் பார்த்தேன். "செருப்புக் காலோட சாமிக்குக் குறுக்க போறியாடா?" என்று மாமா தோளைப் பிடித்தார்.

அன்றைய ஓட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி நீ, அதற்குள் உன் ஜீப் வந்தது. கூட வந்த பொலிஸ் சார்ஜன் தேரை ஓரமாகத் தள்ளச் சொல்லிக் கத்தினார். "தேரைப் பின்னுக்கு எடுக்கேலாது," என்று குருக்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீ சார்ஜனின் கையைப் பிடித்து நிறுத்தினாய். சிவப்புக் கொடியைத் தூக்கினாய், ஓட்டம் நின்றது. அதுவரை நீ செய்தது எல்லாம் சரி. அதற்கு மேல்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை.

தேர் மெல்ல நகர்ந்து ரோடு அகலமான இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பின்னால் வந்த கூட்டம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார்கள், தேரைப் பார்த்தார்கள், ஒருவன் பிரசாதம்கூட வாங்கித் தின்றான். நான் பதறவில்லை. அதற்கு விதி இருந்தது. ரயில் கேட் மூடி முன்னே போகிறவன் தடைப்பட்டால், அவன் எவ்வளவு முன்னால் இருந்தானோ அவ்வளவு நேரம் அவனை முதலில் போகவிட்டு, பிறகு மற்றவர்களை விட வேண்டும். விதிப் புத்தகத்தில் அதை எழுதியவனே நீதான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"அது ரயில் கேட்டுக்கு. தேர்னு எழுதல்ல. எல்லாரும் ஒண்ணாப் போங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். நம் சாமி அன்று வழியை விட்டுவிட்டது. பூசாரி நீதான் மறித்தாய்.

எல்லோரும் ஒன்றாகப் போனோம். நின்றதில் என் கால்கள் இறுகிவிட்டன. தனியாக மிதித்துத் தீர்த்த மூச்சு திரும்பி வரவில்லை. தண்ணீர் குடித்து ஆறிய கால்களோடு மற்றவர்கள் றம்பொடை ஏற்றத்தில் என்னைக் கடந்து போனார்கள். நுவரெலியாவில் பல பேருக்குப் பின்னால் வந்தேன். கொழும்பில் எல்லாம் முடிந்து எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது நான் இரண்டாவது. முதலாவது வந்தவனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், அந்த வளைவில் நான் முன்னால் இருந்த நேரத்தில் பாதிகூட இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எட்டாமல் போகவில்லை, நீ தட்டிவிட்டாய்.

நுவரெலியாவில் அன்று மாலை நான் ஈரச் சட்டையோடு குந்தியிருந்தபோது நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். உண்மைக் காரணத்தை அப்போதுதான் சொன்னாய். "ஒனக்குக் குடுத்திருந்தேன்னா என்னா பேசியிருப்பாங்க தெரியுமா? அவுங்க தேரு, அவுங்க ஆளு, அவுங்க ஆபிசரு. அப்புறம் நம்ம ஆளு ஒருத்தனும் அந்த மேசையில ஒக்கார முடியாதுடா."

"பேசட்டுமே," என்றேன்.

"ஒனக்கு வெளங்காது," என்றாய்.

எனக்கு நன்றாக விளங்கியது. உன் நேர்மையை நாலு பேருக்குக் காட்ட ஒரு பலி தேவைப்பட்டது, பக்கத்தில் நான் இருந்தேன். வேறு அணிக்காரன் ஒருவன் அந்தத் தேருக்கு முன்னால் நின்றிருந்தால் நீ அந்த நேரத்தைக் கொடுத்திருப்பாய். இதை நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன், கொடுத்திருப்பாய். நம்மவன் என்பதற்காக அதிகம் கொடுக்கக் கூடாது, சரி. நம்மவன் என்பதற்காக உள்ளதையும் பறிப்பது எந்த ஊர் நியாயம்? அந்த மேசையில் நீ ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தாய். உனக்குப் பிறகு நம்மவர் யாரும் அங்கே வரவில்லை. கதிரையைக் காப்பாற்றினாய், ஆளைச் சேர்க்கவில்லை.

அம்மா அதே லயத்து அறையில்தான் கண்ணை மூடினாள். நான் அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே இந்தக் கடையைப் போட்டேன்.

நீ ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நாவலப்பிட்டியில் ஒரு உள்ளூர்ப் போட்டி நடந்தது. நடுவர் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். தனியாக முன்னால் வந்தவன் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்ட இளைஞன். யார் பெற்ற பிள்ளை என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று திரும்பமுடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. விதிப் புத்தகத்தில் லொறியும் இல்லை. அவன் நேரத்தை அவனுக்குக் கொடுத்து முதலில் போகவிட்டேன். அவன் ஜெயித்தான். தோற்ற அணியின் மனேஜர் எல்லோருக்கும் முன்னால் என் முகத்துக்கு நேரே கேட்டார், "ஒங்க ஆளுன்னா ஒங்க கை நீளும்தானே?" என்று. அதற்குப் பிறகு என்னை நடுவராக யாரும் கூப்பிடவில்லை.

செய்தி உனக்கு வந்து, நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். பல வருடத்துக்குப் பிறகு உன் குரல்.

"ஏன்டா அப்படிச் செஞ்ச?"

"நீ செய்யாததத்தான் செஞ்சேன்."

"சரி, வைக்கிறேன்," என்றாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். மன்னிப்புக் கேட்பாய் என்று கொஞ்ச நாள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

கார் ஆறிவிட்டது. ரிஸ்வான் எழுந்தார். "அப்ப ஐயா, பாதையில என்னத்த மாத்தோணும்?"

"பாதையத் தொடாதீங்க," என்றேன். "இந்த மலையில இதவிட நல்ல பாதை ஒருத்தனும் போட முடியாது. சாப்பாட்டுப் பைய மட்டும் பேராதனையில குடுங்க. விதிய மாத்துங்க. ரயிலோ, தேரோ, லொறியோ, மந்திரியோ, எது குறுக்க நின்னாலும் முன்னுக்குப் போனவன் நேரம் அவனுக்குத்தான்."

எழுதிக்கொண்டார். "பேர்ப்பலகை?"

"உச்சியில வேணாம். அவரு அங்க ஒருநாளும் மிதிச்சு ஏறினதில்ல. இதோ மேல, தேர் வார வளைவு இருக்கே, அங்க வைங்க."

"அங்க ஏதும் விசேசம் ஈக்கிதா ஐயா?"

"அவரு பெரிய முடிவு ஒண்ணு எடுத்த எடம்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இனிமேல் முன்னால் போகிற ஒவ்வொருவனும் அந்த இடத்தில் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு பேச்சுக்குப் பயந்துதான் அன்று நீ என்னைக் கைவிட்டாய். அதே பேச்சை நாவலப்பிட்டியில் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சொன்ன அன்றும் பசித்தது, சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன். அதன் பலம் அவ்வளவுதான். இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டு திரிவதும் அதைத்தான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பயந்தாய் என்பதை.

வயதானவர்கள் இந்த இடத்தில், வெற்றி தோல்வி பெரிதில்லை, ஓடியதுதான் பெரிது என்று எழுதுவார்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை. எனக்கு அன்று வெற்றிதான் வேண்டியிருந்தது. அந்த நேரம் நான் மிதித்துச் சம்பாதித்தது. அது உன் கையில் இருந்தது. தந்திருக்கலாம்டா.